உள்ளறைச் சீட்டு

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் 'மெயில் அக்கா'.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், நோயாளிகளின் பெயரை எழுதிக்கொள்ளும் முன்மேசை வேலைக்கு வந்தவள். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் கணவனைப் பறிகொடுத்திருந்தாள். கண்ணீர் காயாத முகத்தோடு வந்து உட்கார்ந்தவள் முன்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அது வாரத்துக்கு இரண்டு தடவை மூச்சை நிறுத்திக்கொள்ளும். பழுது பார்க்கிறவர் வருவதற்குள் வரிசை தெருவரைக்கும் நீண்டுவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் தானே மூடியைக் கழற்றினாள். அன்று தொடங்கியது. புத்தகம் வாங்கிப் படித்தாள், ஒவ்வொரு பழுதையும் நோட்டில் எழுதினாள், தெரியாததைக் கேட்க வெட்கப்படவில்லை. எட்டு வருடத்தில், கூடத்தின் அறிக்கைகளை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு சேர்க்கும் மெயில் சர்வர் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. பதவி உயர்வு என்று காகிதம் ஒன்றும் வரவில்லை. "அதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. பிடித்த பாரம் கனப்பதில்லை அவளுக்கு.

வீட்டில் அவளோடு தம்பியும் தம்பி மனைவியும். தம்பி வெல்டர். இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். தம்பி மனைவி தையற்காரி. பின்னறையில் மிஷினைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் வெளியே இடியே விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. வாடிக்கையாளர் வந்தால் முன்னறையில் அளவெடுத்து நோட்டில் எழுதி வைப்பது பெரும்பாலும் மெயில் அக்காதான்.

அந்த வெல்டர் தம்பிக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. மூன்று வருடமாக டயாலிசிஸ். ஊசி ஏற்றக் கையில் மிச்சமிருந்த கடைசி நரம்பும் அடைத்துக்கொண்டு வந்தது. "என்னுடையதை எடுத்துக்குங்க" என்று தையற்காரி முன்னால் வந்து நின்றாள். "எனக்கு ரெண்டு இருக்கு, தைக்கிறதுக்கு அது தேவையில்லையே" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

இருவரும் இப்போது ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். பாக்கி ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய உறுப்பு அவனுக்குப் பொருந்துமா என்ற கடைசி அறிக்கை. அந்தச் சோதனையைச் செய்தது அக்கா வேலை பார்க்கும் கூடம். அறிக்கை இன்று சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர்கள் குழு கூடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் பெயர் அறுவைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து.

"ஆறு வாரம் அவர் தாங்குவார்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் அக்காவைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்.

காலை ஒன்பதரைக்கு அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து சர்வரைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பத்தொன்பது அறிக்கைகள் அப்படியே தேங்கிக் கிடந்தன. மற்ற பத்து ஆஸ்பத்திரிகளுக்கும் எல்லாம் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும், 'கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை, பிறகு வருகிறேன்' என்ற ரீதியில் சர்வர் வரி வரியாகப் புலம்பியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒரு மெயில் சர்வருக்கு ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அந்தப் பெயருக்குரிய எண் தெரிய வேண்டும். பொதுவாக எல்லாச் சர்வர்களும் அதை வெளியே இருக்கும் பெயர்ச் சர்வர்களிடம் விசாரித்துக்கொள்ளும். அக்காவின் சர்வரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு விஷமி அந்த விசாரணையில் புகுந்து பொய் எண்ணைக் கொடுத்துவிட, எட்டு நோயாளிகளின் அறிக்கைகள் முன்பின் தெரியாத எங்கேயோ போய்ச் சேர்ந்தன. அக்கா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். 'என் சர்வர் இனிமேல் தெருவில் போகிறவரிடம் வழி கேட்காது' என்று உறுதி எடுத்தாள். பதினோரு ஆஸ்பத்திரிகளின் பெயரையும் எண்ணையும் தன் கையாலேயே ஒரு பட்டியலாக எழுதினாள். அதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று சர்வருக்கு ஆணையிட்டாள். அதோடும் விடவில்லை. மெயில் அனுப்பும் நிரலை சர்வருக்குள்ளேயே ஒரு தனி அறையில் வைத்துப் பூட்டினாள். அதற்கு வேண்டிய நாலைந்து கோப்புகளை மட்டும் உள்ளே எடுத்து வைத்தாள். திருடன் அந்த நிரலுக்குள் புகுந்தாலும் அறையைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

அந்த ஆஸ்பத்திரி சென்ற வாரம் புது இயந்திரத்துக்கு மாறியது. எண் மாறுகிறது என்று முறையாகக் கடிதமும் அனுப்பியது. அக்காவும் அன்றைக்கே பட்டியலைத் திருத்திவிட்டாள். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. அதனால்தான் தேக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தப்பு அவர்கள் பக்கம்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை வைத்து, கூடத்தில் அவருக்கு 'எல்லாம் சரி சார்' என்று பெயர்.

"எங்க பக்கம் எல்லாம் சரி மேடம்" என்றார் அவர், அக்கா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்.

"சார், நான் இன்னும் என்ன பிரச்சினைன்னே சொல்லலை."

"எதுவா இருந்தாலும் எங்க பக்கம் சரி. நேத்து சாயங்காலம் பழைய மெஷினை அணைச்சோம். புதுசு ஜம்முனு ஓடுது. மத்தவங்க மெயில் எல்லாம் வந்துட்டே இருக்கு."

"அப்போ எங்க மெயில் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உங்க வாசல்ல யாரோ எங்களை அடைச்சு வச்சிருக்காங்க. பாருங்க சார்."

"பார்த்துட்டேன் மேடம். உங்க பேரு அனுமதிப் பட்டியல்ல இருக்கு."

"பார்க்காமலே பார்த்துட்டேன்னு சொல்றீங்க!"

இப்படியே இரண்டு மணி நேரம் ஓடியது. அவர் அலுத்துக்கொண்டார், இவள் குரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் யாரையும் கடிந்து பேசாத அக்கா, "கொஞ்சம் மனுஷன் மாதிரி பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பட்டென்று வைத்தாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, காகிதத்துல அச்சடிச்சு ஆளை அனுப்பிடுவோமே?"

"வாங்க மாட்டாங்க சார். போன தடவை யாரோ போலி அறிக்கை கொண்டுபோய்க் கொடுத்ததுலருந்து, நம்ம சர்வர்லருந்து பூட்டுப்போட்ட உறையில போனாத்தான் ஏத்துக்கிறாங்க."

"பேருக்குப் பதிலா நேரா நம்பரையே போட்டு அனுப்பினா?"

"பூட்டு விழாது சார். பேரும் பூட்டும் பொருந்தினாத்தான் உறை மூடும். இது நானே வச்ச சட்டம்." திருடனுக்காகக் கட்டிய மதில், இன்று தன் தம்பிக்கு எதிரிலேயே நிற்கிறதே!

பன்னிரண்டே முக்காலுக்கு 'எல்லாம் சரி சார்' தானாகவே கூப்பிட்டார். "மேடம், கோபப்படாதீங்க. உங்க சர்வர் எந்த நம்பர்ல தட்டுதுன்னு பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்க. கடைசி ரெண்டு இலக்கம் போதும்."

"ஆறு, ரெண்டு."

"திரும்பச் சொல்லுங்க."

"அறுபத்திரண்டு சார்."

"எங்க புது நம்பர் இருபத்தாறு மேடம். அறுபத்திரண்டு பழசு. அதைத்தான் நேத்து அணைச்சோம்."

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். அறுபத்திரண்டு. காலையிலிருந்து நூறு தடவை பார்த்த வரி. நூறு தடவையும் அவள் கண் அதை இருபத்தாறு என்றே படித்திருந்தது. மாற்றிவிட்டேன் என்ற நிச்சயம் கண்ணைக் கட்டியிருந்தது.

"சார்..." என்றாள்.

"பரவாயில்லை மேடம். நீங்க பாருங்க. நான் போன் பக்கத்துலயே இருக்கேன்."

பட்டியலைத் திறந்தாள். அதில் தெளிவாக இருபத்தாறு. தேதி, கையெழுத்து, எல்லாம் இருந்தது. சர்வரையே கேட்டாள்: 'இந்தப் பெயருக்கு என்ன எண்?' இருபத்தாறு என்று பதில் வந்தது. மெயில் அனுப்பச் சொன்னாள். போய் அறுபத்திரண்டின் கதவைத் தட்டியது. இதென்ன கூத்து! வாய் ஒன்று சொல்கிறது, கால் வேறெங்கோ போகிறது.

நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினாள். அறுபத்திரண்டு. நினைவில் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அதையெல்லாம் துடைத்தாள். அறுபத்திரண்டு. கடைசியில் சர்வரையே அணைத்து, அது எழுந்திருக்கும் ஏழு நிமிடமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுந்தது. நேராகப் போய் அறுபத்திரண்டின் கதவைத் தட்டியது.

"வெளியே விசாரிக்கிற வழியைத் திறந்துவிட்டா என்ன?" என்றார் மேலாளர்.

"அந்த வழியைத் திறக்கிற சாவி தலைமை அலுவலகத்துல. மனு எழுதி, அவங்க கையெழுத்துப் போட ரெண்டு நாள் ஆகும்."

"விதியைப் பார்த்தியாம்மா..."

"விதி இல்லை சார். எங்கேயோ ஒரு வரி. ஒரே ஒரு வரி." அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அது எங்கே உட்கார்ந்திருக்குன்னு பார்க்காம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போறதில்லை."

மணி இரண்டரை. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. போன் அடித்தது. தம்பி மனைவி.

'அறிக்கை வந்துச்சா' என்று கேட்கப் போகிறாள், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அக்கா போனை எடுத்தாள்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா? ஒரு அவசரம்" என்றாள் தையற்காரி. "பேக்கரிக்காரம்மா போன் போட்டு என்னை உரிச்சு எடுத்துட்டாங்க!"

"என்னது?"

"அவங்க கோட்டு. தச்சுப் பக்கத்து வீட்டுல கொடுத்து வச்சுட்டு வந்தேனே. இன்னிக்கு வாங்கிப் போட்டுப் பார்த்திருக்காங்க. பொத்தான் மாட்டலையாம். 'உங்க அண்ணிகிட்ட இடுப்பு கூடிப்போச்சுன்னு வெட்கத்தை விட்டுச் சொன்னேனே, நீங்க என்னை அசிங்கப்படுத்தத்தான் இப்படித் தச்சீங்களா'ன்னு ஒரே சண்டை. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்கேன்னு சொன்னதும் அழுதுட்டாங்க, அது வேற."

பின்னணியில் தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, நாலு பன்னு அனுப்பச் சொல்லு, சமாதானம் ஆயிடறோம்!"

"நீங்க சும்மா இருங்க. பன்னாம் பன்னு, தண்ணிக்கே கணக்கு வச்சிருக்கு உங்களுக்கு" என்று அவனை அடக்கிவிட்டுத் தொடர்ந்தாள் அவள். "அண்ணி, அவங்க முப்பத்தெட்டுன்னு சொன்னாங்களா?"

"ஆமா. சொன்ன அன்னிக்கே நோட்டுல முப்பத்துநாலை அடிச்சுட்டு முப்பத்தெட்டுன்னு திருத்திட்டேனே!"

"முன்னறை நோட்டுலயா?"

"ஆமா."

"அய்யோ அண்ணி! நான் எங்கே முன்னறை நோட்டைப் பார்க்கிறேன்? துணி எடுத்த அன்னிக்கே அதுலருந்து ஒரு சீட்டுல எழுதி மிஷினுக்கு மேல குத்தி வச்சுக்குவேன். அதைப் பார்த்துத்தான் வெட்டுவேன். நீங்க வெளியில ஆயிரம் தடவை திருத்துங்க. உள்ளறைச் சீட்டுல முப்பத்துநாலுன்னு இருந்தா என் கத்தரிக்கோல் முப்பத்துநாலுதான் வெட்டும். கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

அக்காவின் பார்வை மெல்லத் திரைக்குத் திரும்பியது.

"அண்ணி? கோச்சுக்கிட்டீங்களா?"

"இல்லடா கண்ணு" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நீ இப்போ என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது. போனை வை. நான் கூப்பிடறேன்."

உள்ளறைச் சீட்டு!

ஆறு வருடத்துக்கு முன்னால், நிரலைத் தனி அறையில் வைத்துப் பூட்டிய அன்று, அதற்கு வேண்டிய நாலைந்து கோப்புகளை உள்ளே எடுத்து வைத்தாளே! அதில் ஒன்று பெயர்ப் பட்டியலின் நகல். பூட்டிய அறைக்குள் இருக்கிறவனுக்கு வெளிப் பட்டியல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? அவன் தன் சுவரில் குத்தியிருக்கும் சீட்டைத்தான் பார்ப்பான். ஆறு வருடத்தில் எந்த ஆஸ்பத்திரியும் எண்ணை மாற்றவில்லை. வெளிப் பட்டியலும் உள் நகலும் ஒன்றாகவே இருந்ததால் இரண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. சர்வரை அணைத்து எழுப்பினால் என்ன, அறைக்குள் இருப்பவன் எழுந்ததும் அதே சீட்டைத்தானே பார்த்திருப்பான்!

உள்ளறைக்குப் போகும் வழியைத் தட்டச்சு செய்தாள். இரண்டு தடவை எழுத்துப் பிழை. மூன்றாம் தடவை திறந்தது. அந்த நகல் அங்கே இருந்தது. ஆறு வருடப் பழைய தேதியுடன், தூசி தட்டாத அலமாரியில் மறந்துவைத்த கடிதம் மாதிரி. ஏழாவது வரி. ஆஸ்பத்திரியின் பெயர். பக்கத்தில் அறுபத்திரண்டு.

அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்ற விரல் துடித்தது. ஆனால் அவள் நிறுத்திக்கொண்டாள். அவசரத்தில் ஒரு வரியைத் தொட்டு, இன்னொரு வரி கெட்டால்? வெளிப் பட்டியலை முழுதாக எடுத்து உள்ளே வைத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பதினோரு வரியையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு ஏழாவது வரியைப் படிக்கச் சொன்னாள்.

"ரெண்டு, ஆறு" என்றார் அவர்.

நிரலை நிறுத்தி, திரும்ப ஓட்டினாள். தேங்கியதையெல்லாம் அனுப்பு என்று சொன்னாள்.

ஒரு விநாடி. இரண்டு. திரையில் ஒரு வரி ஓடியது. இருபத்தாறின் கதவு திறந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. மடை திறந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அக்கா எண்ணினாள். பத்தொன்பது. அதில் எது தன் தம்பியுடையது என்று அவளுக்குத் தெரியாது. உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. திறந்து பார்க்கும் உரிமை அவளுக்கு இல்லை. பத்தொன்பது பேரில் ஒவ்வொருவருக்கும் எங்கேயோ ஓர் அக்காவோ அம்மாவோ போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் தெரியும்.

மணி மூன்று பதிமூன்று.

'எல்லாம் சரி சாரை'க் கூப்பிட்டாள். "வந்துச்சா சார்?"

"பத்தொன்பதும் வந்துடுச்சு மேடம். குழுவோட மேசைக்கு அனுப்பிட்டேன்."

"சார், காலையில நான் பேசினது..."

"எந்தப் பேச்சு மேடம்? எங்க பக்கம் எல்லாம் சரி."

அக்கா சிரித்தாள். சிரித்த கண்ணிலேயே நீர் முட்டியது.

நாலு மணிக்குக் குழு கூடியது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் வாசலில் நிற்க வேண்டும் என்று கால் பரபரத்தது. அவள் போகவில்லை. வேலை இன்னும் முடியவில்லை. வெளிப் பட்டியலை யார் திருத்தினாலும் அந்த நிமிடமே உள்ளறை நகலும் மாறும்படி ஒரு சிறு நிரல் எழுதினாள். இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் வந்தாலும் தன் போன் அலறும்படி செய்தாள். வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றிப் பார்த்தாள். அலறியது. திருத்தினாள். மூன்று தடவை சோதித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

நாலு ஐம்பதுக்குப் போன் அடித்தது. சர்வர் அல்ல, தம்பி மனைவி. சிறிது நேரம் விம்மல் மட்டும்தான் கேட்டது.

"சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சொல்லு."

"பொருந்துதாம் அண்ணி" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு."

தம்பி போனை வாங்கினான். எதற்கும் கேலி பேசுகிறவன் இப்போது கேலி பேசவில்லை. "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டிவைத்திருந்தது உடைந்தது. மேலாளர் தண்ணீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்குள் ஒரு நிமிடம் நுழைந்தாள். சாயங்கால வெளிச்சம் பின்னறை ஜன்னலில் இருந்தது. மிஷினுக்கு மேலே சுவரில், பேக்கரிக்காரம்மாவின் சீட்டு ஊசியில் தொங்கியது: இடுப்பு முப்பத்துநாலு. அதைப் பிடுங்கினாள். பக்கத்தில் இருந்த மற்ற ஆறு சீட்டுகளையும் பிடுங்கினாள். முன்னறைக்குப் போய் அளவு நோட்டை எடுத்து வந்து, அதன் மூலையில் துளை போட்டு, நீளமான நாடாவைக் கோத்து மிஷின் காலில் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். முடிச்சு உறுதியாக இருந்தது.

பேக்கரிக்காரம்மாவின் கோட்டுத் தையலைப் பிரித்து, துணி சேர்த்து, இடுப்பில் நாலு அங்குலம் விட்டுக் கொடுக்க, தையற்காரி உடம்பு தேறும்வரை ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று யாராவது அந்த அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். போகிற வழியில் தானே பேக்கரியில் இறங்கிச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு, அக்கா கதவைப் பூட்டினாள்.